கடைசிக் கரடிநகம்

சோபாக்களைப் பற்றி எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு டேனிஷ் அறைகலன் நிறுவனத்தின் பட்டியல் புத்தகத்தில், "இந்தச் சாய்விருக்கை உங்களிடம் எதையும் கேட்பதில்லை, கொஞ்சம் மௌனத்தைத் தவிர" என்ற மாதிரி வரிகள் எல்லாம் என்னுடையவை. ஒரு வருடம் சோதனைக்காக என் வரிகள் இல்லாமல் அச்சடித்துப் பார்த்தார்கள். விற்பனை கொஞ்சம் கூடியது. மறுவாரம் எனக்குக் கேக் வெட்டி, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண், வெளிப்புற வேலையில் அனுபவம் உண்டா என்று கேட்டாள். தோட்ட நாற்காலிகளைப் பற்றி இரண்டு வருடம் எழுதியிருக்கிறேன் என்றேன். "வெளிப்புற அனுபவம் உண்டு" என்று அவள் தட்டெழுதிக்கொண்டாள். இப்படித்தான் நான் ஸ்வெல்பி நகராட்சியின் அத்துமீறும் தாவரங்கள் கட்டுப்பாட்டுப் பிரிவில் பருவகால ஊழியனாகச் சேர்ந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. டான்டேலியன் என்ற களைக்கும் முள்ளங்கிக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் பிரிவின் எதிரி கரடிநகம். ஆள் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு வளரும், தலையில் வெள்ளைக் குடை மாதிரி பூ விரிக்கும். அதன் சாறு தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால், நெருப்புப் பட்டது போலக் கொப்புளம் கிளம்பும். எவனோ ஒரு பிரபு அழகுக்காக எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டானாம். பிரபு போய்விட்டான், செடி போகவில்லை. சொந்தத் தோட்டத்தில் ஒன்று முளைத்தாலும் வீட்டுக்காரர் இரண்டு வாரத்துக்குள் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று நகராட்சி கறாராக நோட்டீஸ் அனுப்பும். பூங்காக்களில் முளைப்பதைப் பிடுங்க நாங்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். மேஸ்திரி ஓவே, நகராட்சியின் நிரந்தர ஊழியன். அவசரம் என்பதே அவன் சுபாவத்தில் கிடையாது. அடுத்தது யூட்டே. முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள், தபால்துறை சுருங்கியதில் வெளியே விழுந்தவள். மூன்றாவது நான். எங்களுக்கு மேலே பிரிவுத் தலைவி மெரேட்டே. எங்கள் நாட்டில் நகரத்தலைவரைக்கூடப் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடுவோம். அதனால் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது சம்பளத் தேதியில்தான் தெரியும்.

முதலில் பயிற்சி. ஏப்ரல் மாதத்தின் பெரும்பகுதி கூட்ட அறையில் போயிற்று. தலைநகரத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்து எங்களை வட்டமாக உட்காரவைத்து, கரடிநகத்தோடு எங்கள் உறவு எப்படிப்பட்டது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் பரவசத்தோடு கால்மணி நேரம் பேசினேன். ஓவே தனக்கு உறவு ஒன்றும் இல்லை, கண்டால் பேசிக்கொள்வதில்லை என்றான். யூட்டே, "அதைப் பிடுங்கணும். அவ்வளவுதான்" என்றாள். ஆலோசகர் அவள் பெயருக்கு எதிரே "பதற்றம்" என்று எழுதிக்கொண்டார். இதற்குள் ஜன்னலுக்கு வெளியே, நகராட்சிக் கட்டடத்தின் சொந்தப் புல்வெளியிலேயே, கரடிநகம் முழங்கால் உயரம் வந்திருந்தது.

மே மாதம் களத்தில் இறங்கினோம். முதல் நாளே நான் உற்சாகமாக ஒரு வரிசை முழுவதையும் வேரோடு தோண்டிப் போட்டுவிட்டு, பாதுகாப்பு உடைக்குள் வியர்வை சொட்ட நிமிர்ந்தேன். ஓவே வந்து குனிந்து பார்த்தான்.

"நல்லா தோண்டியிருக்க. ஒரு வேர்கூட அறுபடல," என்றான். "ஆனா இது ருபார்ப். பூங்காத் தோட்டச் சங்கத்தோடது. வருஷா வருஷம் இதுலதான் கேக் பண்ணுவாங்க."

அன்றிலிருந்து யூட்டே என்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். "சோபா, நான் கை காட்டறதை மட்டும் தோண்டு" என்றாள். எனக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவள் கை காட்டினாள், நான் தோண்டினேன். தபால்காரிக்குப் புதர், வேலி, நாய் எதுவும் பொருட்டில்லை. ஒரு பூங்கா முடிந்தால் மூச்சு வாங்காமல் அடுத்ததற்குப் போவாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, செய்த வேலை கண்ணுக்குத் தெரிந்தது. மத்தியானம் ரை ரொட்டியில் ஈரல் பசை தடவித் தின்றுவிட்டு, நேற்றுக் காடாக இருந்த இடத்தில் புல்லைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஜூன் கடைசியில், நடுக்கோடைத் தீ மூட்டும் திருநாளுக்கு முன்னால், ஸ்வெல்பியின் பூங்காக்களில் கரடிநகமே இல்லை.

அதைச் சொல்ல மூவரும் பெருமையாக மெரேட்டேயின் அறைக்குப் போனோம். அவள் முகம் வெளுத்தது. எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உங்களை நினைச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு," என்று ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் ஒரு அதிகாரி இப்படி ஆரம்பித்தால் யாருக்கோ வேலை போகப்போகிறது. "ஆனா வேகம்ங்கறது ஒரு பொறுப்பு. இந்தப் பிரிவை உண்டாக்க நான் எத்தனை வருஷம் கூட்டம் போட்டிருக்கேன் தெரியுமா? அத்தனை வருஷத்துல கரடிநகம் ஒரு தடவைகூட என்னைக் கைவிடல. வருஷா வருஷம் கூடிக்கிட்டே வந்துச்சு. நான் படம் போட்டுக் காட்டுவேன், சபையில பணம் ஒதுக்குவாங்க. இப்ப நான் எதைக் காட்டறது? வெறும் புல்லையா?"

"புல்லு வேணும்னுதானே எங்களை எடுத்த?" என்றாள் யூட்டே.

"கட்டுப்படுத்தத்தான் எடுத்தேன் யூட்டே. தீயணைப்புக்காரங்க தீயை அணைக்கலாம். நெருப்புங்கற விஷயத்தையே ஒழிச்சுட்டு வந்து நிக்கக்கூடாது."

யூட்டேக்கு அந்த மாதத்தோடு வேலை முடிந்தது. வேலை இல்லாததால் ஆள் தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள். வேலையை இல்லாமல் செய்தவளே அவள்தான் என்பதால் அதில் தர்க்கம் இருந்தது. என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். நான் நன்றாகத் தோண்டுகிறேன் என்பதற்காக என்று நினைத்து இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பிறகுதான், நான் எழுதத் தெரிந்தவன் என்பதற்காக என்று தெரிந்தது.

ஏனென்றால் ஒரு செடி மிச்சம் இருந்தது. ஆலைக்குளப் பூங்காவில் கழிப்பறைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த ஓவே அதைக் கண்டுபிடித்தான். செய்தி கேட்டதும் மெரேட்டே கண் கலங்கினாள். அரை மணி நேரத்தில் அவள் தெளிந்துவிட்டாள். கடைசிக் கரடிநகத்தை நகரத்தலைவர் ஃப்ளெமிங் தன் கையால், கொடி ஏற்றி, பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் பிடுங்குவார். அதோடு கட்டுப்பாட்டுப் பிரிவு, கண்காணிப்புத் துறையாக உயரும். இல்லாததைக் கண்காணிக்க, இருப்பதைப் பிடுங்குவதைவிட அதிகம் செலவாகும் என்பது சபைக்கும் புரியும்.

ஃப்ளெமிங்குக்கு அந்த வாரம் நேரமில்லை. அடுத்த வாரம் மெரேட்டே விடுமுறை. பிறகு ஜூலை. ஜூலையில் எங்கள் நாட்டில் கோடை வீட்டுக்குப் போகாதவர்கள் நோயாளிகளும் பருவகால ஊழியர்களும்தான். விழா ஆகஸ்ட் நடுவுக்குப் போயிற்று. அதுவரை செடியை யாரும் தொடக்கூடாது. காவல் நான்.

ஆகஸ்டுக்குள் அது பூத்து விதைத்துவிடுமே என்று மெரேட்டேயிடம் ஃபோனில் கேட்டேன். ஒரு செடி விட்டால் ஆயிரக்கணக்கில் விதை என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். பூவையாவது வெட்டிவிடவா என்றேன். பின்னணியில் அலைச் சத்தம் கேட்டது.

"பூவை வெட்டினா ஃப்ளெமிங் எதைப் பிடுங்குவான்? மொட்டைத் தண்டையா? போட்டோ எடுக்கணும் எஸ்கில். அப்புறம், விதை தடுப்புல வருது. தடுப்பு நம்ம பிரிவு இல்ல."

ஃபோனை வைத்தேன். சொல்லப்போனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. மடக்கு நாற்காலி, குளம், நிழல், சம்பளம். செடியைச் சுற்றி வேலி போட்டேன். அறிவிப்புப் பலகைக்கு வாசகம் எழுதச் சொல்லியிருந்தார்கள். "ஆபத்து, தொடாதே" என்று எழுதியிருந்தால் போதும். ஆனால் என்னை யாரும் எழுதச் சொல்லிக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். "உயரமானவள். அமைதியானவள். கோடை முழுவதும் வெண்குடை விரித்து உங்களுக்காகக் காத்திருக்கிறாள், ஸ்வெல்பியின் கடைசிக் கரடிநகம்." தொடக்கூடாது என்பதை, நடை கெடாமல் இருக்க, கீழே சின்ன எழுத்தில் போட்டேன்.

உள்ளூர்ப் பத்திரிகை பலகையைப் படம் பிடித்துப் போட்டது. கூட்டம் வர ஆரம்பித்தது. ஒரு ஜோடி கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டது. ஒரு பெண்மணி ஒரு விதை மட்டும் கிடைக்குமா, தன் தோட்டத்தில் மூலையில் வைப்பேன் என்று கேட்டாள். ஜூலை நடுவில் மழை நின்றுபோய், தோட்டங்களுக்குத் தண்ணீர் விட நகராட்சி தடை போட்டது. கரடிநகத்துக்கு விதிவிலக்கு வாங்கினார்கள். ஊரே மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருக்க, நான் காலையும் மாலையும் குளத்திலிருந்து வாளியில் மொண்டு அதற்கு ஊற்றினேன். பக்கத்து நகராட்சியில் வேலை கிடைத்திருந்த யூட்டே ஒருநாள் சைக்கிளில் வந்து, வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"என்ன சோபா, பொண்டாட்டி நல்லா வளர்ந்துட்டா," என்றாள். "ஏதாவது பேசறாளா?"

அவளுடைய புது வேலை எப்படி என்று கேட்டேன். அங்கேயும் கரடிநகம்தானாம். ஆனால் ஒருமுறை பட்ட பாடு போதும், இந்தத் தடவை ஓய்வூதியம் வரும்வரை தாங்குகிற வேகத்தில் தோண்டுவதாகச் சொன்னாள்.

ஜூலை முடிவில் வில்லாட்ஸ் வந்தார். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், எண்பதை நெருங்கியவர், பூங்காவை ஒட்டிய தெருவில் வீடு. தோளில் மண்வெட்டி. வேலியைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"போன வருஷம் என் கேட் பக்கத்துல இத்தூண்டு ஒண்ணு முளைச்சுச்சு," என்று விரலால் அளவு காட்டினார். "ரெண்டு வாரத்துல பிடுங்கலைன்னா அபராதம்னு உங்க ஆபீஸ் லெட்டர் போட்டுச்சு. இடுப்பு ஆபரேஷன் பண்ணிட்டு, முட்டி போட்டுப் பிடுங்கினேன். இது என்ன உயரம்? நீ தண்ணி வேற ஊத்தற."

"இது நகராட்சியோட செடி," என்றேன்.

"நகராட்சிச் செடி கடிக்காதா?"

அவர் சொன்னது சட்டப்படியும் நியாயப்படியும் சரி. நான் அதை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டுவிட்டு, அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, கழிப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகவே சொன்னேன். அவர் போகிறவரை என் முகத்தை, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மழலையர் பள்ளி திறந்தது. குழந்தைகள் மஞ்சள் சட்டை மாட்டி, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குளத்துப் பக்கம் வந்தார்கள். ஆசிரியை பலகையை உரக்க வாசித்தாள். என் வரிகளை ஒருவர் குரல் விட்டு வாசித்து அன்றுதான் கேட்டேன். கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தேன். சின்ன எழுத்தை அவள் வாசிக்கவில்லை. அது அவள் கண்ணில் பட்டிருக்காது.

"எனக்கு அந்தக் குடை வேணும்" என்று ஒரு குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, ஒரு சின்னப் பெண் கயிற்றை விட்டுவிட்டு வேலிக்கு அடியில் நுழைந்து, தண்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் கொளுத்தியதால் பாதுகாப்பு உடையை வேலியில் காயப்போட்டிருந்தேன். அரைக்கால் சட்டையும் பனியனுமாக இருந்தேன். எழுந்தபோது மடக்கு நாற்காலி மடங்கி என் காலைக் கவ்விக்கொண்டது. நாற்காலியோடு பாய்ந்தேன். குழந்தையை ஒரு கையால் அப்பால் தள்ளினேன், மறு கையால் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாமல் கரடிநகத்தைக் கட்டித் தழுவிக்கொண்டு விழுந்தேன். தண்டு சடசடவென்று முறிந்தது. சாறு கை, கழுத்து, தொடை எல்லாம் வழிந்தது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. குடை உடைந்துபோனதே என்று மட்டும் அழுதாள். அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தபோதுதான், அவளை உள்ளே கூப்பிட்டது என் வரிதான் என்பது எனக்கு உறைத்தது. எரிச்சல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மறுநாள் இரண்டு கைகளிலும் முட்டை முட்டையாகக் கொப்புளங்கள். மருத்துவர் கட்டுப்போட்டு, இருட்டான அறையில் இரு என்றார். மெரேட்டே ஃபோன் செய்தாள்.

"உயிருக்கு ஆபத்தில்லையே?"

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகல," என்றேன். "எனக்குத்தான் கையெல்லாம்..."

"நான் செடியைக் கேட்டேன் எஸ்கில்."

செடி போய்விட்டது என்றேன். விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அமைச்சரகத்திலிருந்துகூட ஒருவர் வருவதாக இருந்தது. கரடிநகம் இல்லாத ஊரில் கரடிநகத்தை எப்படி ஒழிப்பது?

பக்கத்து நகராட்சியில் ஏராளம் இருந்தது. அவர்களுடைய முழு ஒழிப்புத் திட்டம் இன்னும் சபையில் நிறைவேறவில்லை. விழா அன்று காலையில் ஓவே லாரி ஓட்ட, நான் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார, எல்லையைத் தாண்டிப் போனோம். என்னால் எதையும் தூக்க முடியாது. ஆனால் செடியின் உயரமும் தோற்றமும் பழையதைப் போலவே இருக்கிறதா என்று சரிபார்க்க என்னை விட்டால் ஆள் இல்லை.

யூட்டே தனக்குக் கொடுத்திருந்த காட்டில் நல்லதாக ஒன்றைத் தோண்டி, சாந்து குழைக்கும் கறுப்புத் தொட்டியில் மண்ணோடு நட்டுத் தயாராக வைத்திருந்தாள். குடை பழுப்பேறி, கை பட்டாலே விதை உதிர்கிற பதத்தில் இருந்தது.

"மேல தார்ப்பாய் போட்டுக் கட்டிட்டுப் போங்க," என்றாள்.

"தார்ப்பாய் சாலைப் பிரிவுல இருக்கு," என்றான் ஓவே. "கேட்டா ரெண்டு நாள் ஆகும்."

அப்படியே கிளம்பினோம். செடி லாரிக்குமேல் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் காற்றில் ஏதோ மினுமினுத்துப் பறந்தது. ஓவேயிடம் சொன்னேன். அவன் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பினான். பேக்கரிக்கு முன்னால் நிறுத்தி, காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டோம். அன்றைக்குக் காற்று நன்றாக வீசியது.

மறுபடி நட்டால் வாடிவிடும் என்று ஓவே தொட்டியோடு சேர்த்தே புதைத்து மேலே மண்ணைத் தள்ளினான். பதினோரு மணிக்குக் கொடி ஏற்றினார்கள். ஃப்ளெமிங் பாதுகாப்பு உடையில், மார்பில் பதவிச் சங்கிலியோடு வந்தார்.

"நமக்கு முன்னால இருந்தவங்க இதை ஒரு பிரச்சினையா பார்த்தாங்க," என்று பேசினார். "நாங்க ஒரு நிகழ்ச்சியா பார்த்தோம். அதுதான் வித்தியாசம்."

கைதட்டினார்கள். அவர் மண்வெட்டியைத் தூக்கி ஓங்கிக் குத்தினார். டொக் என்றது. இன்னொரு தடவை குத்தினார். மறுபடி டொக். பிறகு மண்வெட்டியை ஒரு பக்கமாகச் சொருகி நெம்பினார். கரடிநகம் கறுப்புத் தொட்டியோடு மொத்தமாக மேலே வந்து, புல்லில் சாய்ந்தது. தொட்டியின் பக்கவாட்டில் பக்கத்து நகராட்சியின் முத்திரை இருந்தது.

கொடிக்கயிறு கம்பத்தில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ஃப்ளெமிங் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"பாருங்க," என்றார், "எங்க ஆளுங்க வேருக்கு ஒரு துளி மண்கூட மிச்சம் வைக்கல. எல்லாத்தையும் சுத்தமா கட்டுக்குள்ள வெச்சிருக்காங்க."

அமைச்சரக ஆள் அதைக் குறித்துக்கொண்டார். மெரேட்டே கைதட்ட ஆரம்பித்தாள், எல்லாரும் தட்டினார்கள். என்னால்தான் முடியவில்லை, கையில் கட்டு. கடைசி வரிசையில் வில்லாட்ஸும் தட்டாமல் நின்றிருந்தார்.

துறை உயர்ந்தது. குழந்தையைக் காப்பாற்றியதற்காகவோ வேறு எதற்காகவோ எனக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. வசந்தம் வந்தபோது, நகர எல்லையிலிருந்து ஆலைக்குளம் வரை, லாரி வந்த சாலையின் இரு மருங்கிலும், கோடு போட்டது போலக் கரடிநகம் முளைத்தது. பேக்கரி முன்னால் மட்டும் மெத்தை போல அடர்த்தி. மெரேட்டே சுவரில் வரைபடத்தை மாட்டி, அதன் முன்னால் கன்னத்தில் கைவைத்து நின்றாள்.

"எவ்வளவு புத்திசாலித்தனமான செடி பாரு எஸ்கில். சாலையைப் புரிஞ்சு வெச்சிருக்கு. இதுக்கு இன்னும் பத்து ஆள் வேணும்."

என்னிடம் விண்ணப்பத்தை எழுதச் சொன்னாள். எழுதினேன். நன்றாகவே வந்தது. சாலையோரத்து வீட்டுக்காரர்களுக்கான நோட்டீஸ் வாசகமும் என்னுடையதுதான். ஆட்கள் வரும்வரை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது.

வில்லாட்ஸ் கேட்டிலேயே நின்று நோட்டீஸை முழுவதும் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கான்," என்றார். "யாரு?"

"நான்தான்."

"இது எங்கிருந்து வந்துச்சுன்னு அதுல இல்லையே."

என் கைகளில் கொப்புளம் ஆறிய இடமெல்லாம் பழுப்புத் திட்டாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "லாரியிலிருந்து," என்றேன். "நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்."

அவர் உள்ளே போய் மண்வெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கையுறை மாட்டி, முட்டி போட்டு, அவர் கேட்டோரம் முளைத்திருந்தவற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். முதல் செடி வேரோடு கையில் வந்த நேரத்தில் துறையின் கார் வந்து நின்றது. மெரேட்டே கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன பண்ற? அது அவரோட செடி, அவர்தான் பிடுங்கணும். அடுத்த வாரம்தான் கணக்கெடுப்பு. நீயே இப்படிக் குறைச்சா எப்படி?"

நான் மன்னிப்புக் கேட்டேன். பிடுங்கிய செடியைக் குழியில் திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டிவிட்டேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

கார் பேக்கரி முனையில் திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போயிட்டா," என்றார் வில்லாட்ஸ்.

நான் அதை மறுபடி பிடுங்கினேன்.